மைலேஜ் வீடியோ அனுப்பிய டெலிவரி கம்பெனிகளுக்கு, பொம்மனஹள்ளியிலிருந்து ஒரு மெக்கானிக் எழுதும் திறந்த மடல்

பெங்களூரில் சாப்பாடும் மளிகையும் டூ வீலரில் அனுப்பும் கம்பெனிகளின் மேலாளர்களுக்கு,

வணக்கம். ஓசூர் ரோட்டை ஒட்டி, பொம்மனஹள்ளிப் பக்கம் சின்னதாக ஒரு டூ வீலர் ஒர்க்‌ஷாப் நடத்துகிறேன். என் வியாபாரத்தில் பாதி உங்கள் பையன்களால் வருவதுதான். தர்மபுரி, கிருஷ்ணகிரி, திருப்பத்தூர், வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்து பிடிஎம்மிலும் மடிவாளாவிலும் ரூம் எடுத்துத் தங்கியிருப்பவர்கள், ராத்திரி பதினோரு மணிக்கு ஆர்டர் குறைந்த பிறகு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வார்கள்: "அண்ணா, மைலேஜ் கொடுக்கவே மாட்டேங்குது, என்னன்னு கொஞ்சம் பாருங்க."

சமீபத்தில் உங்களில் ஒரு கம்பெனி (பேர் வேண்டாம், மற்றவர்களும் இதே ரகம்தான்) பையன்களுக்கு ஆப்பிலேயே ஒரு வீடியோ அனுப்பியிருக்கிறது. பெட்ரோல் சேமிப்பது எப்படி என்று. ஆக்ஸிலேட்டரைப் படக்கென்று முறுக்காதே, சீரான வேகத்தில் போ, சிக்னலில் இன்ஜினை அணை, டயரில் காற்று சரிபார், ஃப்ளைஓவர் இறக்கத்தில் கிளட்சைப் பிடித்துக்கொண்டு உருளவிடு. ஒரு பையன் கடையில் உட்கார்ந்து எனக்குப் போட்டுக் காட்டினான். கடைசி யோசனையைத் தவிர மற்றதெல்லாம் சரிதான், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் வீடியோ ஓடிக்கொண்டிருக்கும்போதே திரையின் மேலே ஒரு ஆர்டர் வந்து விழுந்தது, விழுந்த உடனே நிமிடமும் விநாடியுமாக எண் இறங்க ஆரம்பித்தது, பையன் வீடியோவைப் பாதியில் மூடிவிட்டு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு முதல் கியரில் கத்தவிட்டுக் கிளம்பினான். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்பார்களே, அதை ஒரே ஆப்பில் செய்து காட்டியிருக்கிறீர்கள்.

மைலேஜ் வரவில்லை என்று சொன்னால் நான் முதலில் பார்ப்பது இன்ஜினுக்குப் பெட்ரோல் ஊட்டும் கார்ப்ரேட்டரையோ இன்ஜெக்டரையோ அல்ல. பின் சக்கரத்தைக் கழற்றி பிரேக் ஷூவைப் பார்ப்பேன். டிரம்முக்குள் கறுப்பாகத் தூள் கொட்டிக் கிடக்கும், லைனர் தேய்ந்து இரும்புக்குப் பக்கத்தில் வந்திருக்கும், டிரம்மின் உள்பக்கம் சூட்டில் நீலம் பாய்ந்திருக்கும். அந்தத் தூளைத்தான் நான் பெட்ரோல் பில் என்று படிக்கிறேன். வண்டியை வேகத்துக்குக் கொண்டுபோனது பெட்ரோல், அந்த வேகத்தைச் சூடாக்கிக் காற்றில் விட்டது பிரேக். வேகம் எங்கேயும் சேமிப்பில் போய் உட்காருவதில்லை.

கணக்காகவே பார்ப்போம், பள்ளிக்கூடத்துப் பாடம்தான். வண்டி, பையன், முதுகுப் பை எல்லாம் சேர்த்து 200 கிலோ என்று வையுங்கள். 50 கி.மீ. வேகத்தில் போகும்போது அதன் இயக்க ஆற்றல் ஏறக்குறைய 19,000 ஜூல். 30-ல் போனால் 7,000 ஜூல்தான். வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால் இப்படி. ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 320 லட்சம் ஜூல் இருக்கிறது, அதில் சிட்டி ஓட்டத்தில் சின்ன இன்ஜின் சக்கரத்துக்குக் கொடுப்பது ஐந்தில் ஒரு பங்கு என்று தாராளமாகவே வைத்தாலும், 50-ஐத் தொட்டுவிட்டு பிரேக் அடித்து நிற்கும் ஒவ்வொரு தடவையும் 3 மில்லி போகிறது. 30-ல் போய் நின்றால் 1 மில்லி. ஒரு நாளில் 100 கி.மீ. ஓடும் பையன், அரை கிலோமீட்டருக்கு ஒரு தடவையாவது நிற்காமல் இந்த ஊரில் ஓட்ட முடியாது, ஆக 200 தடவை. ஒருத்தனுக்கு 600 மில்லி பிரேக்கில் போகிறது, இன்னொருத்தனுக்கு 200 மில்லி சொச்சம். வித்தியாசம் 400 மில்லிக்குப் பக்கம். பெட்ரோல் 100 ரூபாயைத் தாண்டி விற்கும் ஊரில் அது ஒரு நாளைக்கு 40 ரூபாய், மாதம் 26 நாள் ஓடினால் ஆயிரம் ரூபாய். பையனுக்கு அது ஊருக்கு அனுப்பும் பணத்தில் குறைகிறது. பிரேக் ஷூவும் செயின் செட்டும் சீக்கிரம் மாற்றுவது தனி, அது எனக்கு வருமானம், அதைப் பற்றி நான் புலம்பக்கூடாது.

இதில் ஒரு விஷயத்தை உங்கள் வீடியோ விட்டுவிட்டது. கிளம்பும்போது ஆமை மாதிரி கிளம்பவேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படிக் கிடையாது. இன்ஜின் குறைந்த சுற்றில், ஓரளவு நல்ல லோடில் இழுக்கும்போதுதான் பெட்ரோலை ஒழுங்காகப் பயன்படுத்துகிறது, ஆக்ஸிலேட்டரை லேசாகத் திறந்துவைத்து முதல் கியரிலேயே வெகுநேரம் போவதும் நஷ்டம்தான். சட்டென்று இரண்டு, மூன்று, நான்கு என்று கியரை ஏற்றிவிட்டு, முறுக்கும் அளவாக இருந்தால் போதும். கெடுப்பது மூன்று விஷயம்: இரண்டாம் கியரிலேயே கத்தவிடுவது, அப்புறம் முன்னே சிவப்பு எரிவது தெரிந்தும் கடைசி நொடிவரை முறுக்குவது, அப்புறம் ஹாஃப் கிளட்ச். முழுசாக முறுக்கும்போது இன்ஜின் வழக்கமான காற்று-பெட்ரோல் கலவையை விட்டுவிட்டு, சக்திக்காகக் கூடுதல் பெட்ரோல் கலந்த கலவைக்குப் போய்விடுகிறது. அதாவது ஆக்ஸிலேட்டரின் கடைசிக் கால் பங்கு முறுக்குக்கு ரேட் தனி. சில்க் போர்டு நெரிசலில் கிளட்சை விரலில் பாதி பிடித்தபடியே ஊர்ந்து வருகிற வண்டியில் கிளட்ச் கவரைத் திறந்தால் ஆயிலில் கருகல் வாடை அடிக்கும், அதுவும் பெட்ரோல்தான். ஸ்கூட்டர்க்காரனுக்குக் கியரும் இல்லை, கிளட்ச் லீவரும் இல்லை, வலது மணிக்கட்டு ஒன்றுதான்.

இப்போது அந்தக் கடைசி யோசனை. டெய்ரி சர்க்கிள் ஃப்ளைஓவர் இறக்கத்தில் கிளட்சைப் பிடித்துக்கொண்டு உருளவிடச் சொல்கிறீர்கள். கார்ப்ரேட்டர் காலத்தில் சொன்ன வித்தை அது. 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்ததிலிருந்து பெரும்பாலான வண்டிகள் ஃபியூயல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறிவிட்டன. கியரில் இருக்கும்போது ஆக்ஸிலேட்டரை முழுக்க விட்டால், சுற்று ஒரு அளவுக்கு மேல் இருக்கும்வரை பெரும்பாலான வண்டிகளில் இன்ஜெக்டர் பெட்ரோலை அறவே நிறுத்திவிடும். கிளட்சைப் பிடித்தால் இன்ஜின் ஐடிலுக்குப் போய், அணையாமல் இருக்கச் சொட்டுச் சொட்டாகக் குடிக்கும். இறக்கத்தின் அடியில் சிக்னல் இருக்கிறது, நிற்கத்தான் போகிறோம் என்று தெரிந்தால் கியரிலேயே விட்டுவிட்டு வரவேண்டும், இன்ஜினே பிடித்து வேகத்தைக் குறைக்கும், ஷூவும் மிச்சம். தவிர, இறக்கத்தில் கிளட்சைப் பிடித்தபடி வருவது ஆபத்து. அந்தப் பகுதியை வீடியோவிலிருந்து எடுத்துவிடுங்கள், தயவுசெய்து.

சரி, பையன்களுக்கு இதெல்லாம் தெரியாதா? தெரியும். ஊருக்குப் போகும்போது இதே பையன், இதே வண்டியில், ஓசூர் தாண்டி ஹைவேயில் 50-ல் வைத்துப் போய், "அண்ணா, நல்லா கொடுத்துச்சு" என்று திரும்பி வந்து சொல்கிறான். வேகம் 80 ஆனால் காற்றின் எதிர்ப்பு 50-ல் இருந்ததைவிட இரண்டரை மடங்கு என்பதை யாரும் அவனுக்குப் பாடம் நடத்தவில்லை, அவன் பங்க்கில் போட்ட காசிலேயே கற்றுக்கொண்டான். அங்கே அவன் கை ஒழுங்காக இருக்கிறது. எச்எஸ்ஆர் லேஅவுட்டுக்குள் வந்ததும் கெட்டுவிடுகிறது என்றால் கையைச் சோதித்துப் பிரயோஜனம் இல்லை.

எதைச் சோதிப்பது என்று கேட்டால், உங்கள் நிமிடக் கணக்கை. ஹோட்டலில் ஆர்டர் தயாராகவில்லை, கவுன்ட்டருக்கு வெளியே பத்துப் பேர் நிற்கிறார்கள், எண் இறங்கிக்கொண்டே இருக்கிறது. அப்பார்ட்மென்ட் வாசலில் வாட்ச்மேன் போனில் ஓகே வாங்கும்வரை நிறுத்திவைக்கிறார். மெயின் லிஃப்டில் போகக்கூடாது, சர்வீஸ் லிஃப்ட் ஏழாவது மாடியில் யாரோ சோபா ஏற்றிக்கொண்டிருப்பதால் வராது. வாடிக்கையாளர் பின் போட்ட இடம் ஒன்று, வீடு இருப்பது அடுத்த கிராஸ், நடுவில் மீடியன், யூ டர்ன் எடுக்க ஒரு கிலோமீட்டர். இதில் எந்த நிமிடத்தையும் பையன் திரும்பப் பிடிக்க முடியாது. சமையல்காரரை முறுக்க முடியாது, லிஃப்டை முறுக்க முடியாது. முறுக்கக்கூடியது ஒன்றே ஒன்றுதான், அது அவன் வலது கையில் இருக்கிறது. எல்லாரும் தின்ற நேரத்துக்கான பில் ரோட்டில் அவன் டேங்கிலிருந்து கட்டப்படுகிறது.

அப்படி முறுக்கியாவது நேரம் கிடைக்கிறதா என்றால் அதுவும் இல்லை என்பதுதான் எரிச்சல். டாம்டாம் நிறுவனத்தின் 2024 போக்குவரத்துக் கணக்குப்படி பெங்களூரில் 10 கி.மீ. போகச் சராசரியாக 34 நிமிடம் 10 விநாடி ஆகிறது. மணிக்கு பதினேழு, பதினெட்டு கிலோமீட்டர். அது கார்களை வைத்துப் போட்ட கணக்கு, டூ வீலர் சந்தில் நுழைந்து கொஞ்சம் முன்னே போகும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இரண்டு சிக்னலுக்கு நடுவே 300 மீட்டர் இருக்கிறது என்றால், அதை 50-ல் கடந்தால் 22 விநாடி, 30-ல் கடந்தால் 36 விநாடி. 14 விநாடி லாபம், கிளம்பி வேகம் பிடிக்கும் நேரத்தைக் கழித்தால் அதுகூட வராது. அந்த லாபத்தை எடுத்துக்கொண்டு போய் அடுத்த சிவப்பில் ஒரு நிமிடத்துக்கு மேல் நிற்கிறான். கோரமங்களா 80 அடி ரோட்டில் சாயங்காலம் ஏழு மணிக்கு ஒரு ஓரமாக நின்று பாருங்கள், சீறிக்கொண்டு முந்திப்போன சிவப்பு டி-ஷர்ட்டும் பின்னால் மெதுவாக உருண்டு வந்த அங்கிளும் ஒரே கோட்டில்தான் கால் ஊன்றி நிற்பார்கள்.

சிக்னலில் இன்ஜினை அணைக்கச் சொல்வது பற்றி. நியாயமான யோசனை. நிற்கும் வண்டிக்கு மைலேஜ் சுழியம், அதில் விவாதமே இல்லை. டெல்லியில் 2020 அக்டோபரில் சிவப்பு விளக்கு எரிந்தால் வண்டியை அணை என்று அரசாங்கமே பிரசாரம் நடத்தியது, அது புகைக்காக. சில கம்யூட்டர் வண்டிகளில் தானாக அணைந்து கிளட்சைப் பிடித்தால் தானாகக் கிளம்பும் வசதியும் இருக்கிறது. ஆனால் உங்கள் பையன் வண்டியைக் கொஞ்சம் கிட்டே வந்து பாருங்கள்: ஹேண்டில்பாரில் போன் ஹோல்டர், அதற்கு பேட்டரியிலிருந்து இழுத்த சார்ஜர் வயர், இன்சுலேஷன் டேப் சுற்றியது. உங்கள் ஆப் நாள் முழுக்க ஜிபிஎஸ்ஸோடு எரிந்துகொண்டே இருப்பதால் போன் சார்ஜரை விட்டு இறங்குவதில்லை. 100 சிசி வண்டியின் பேட்டரி உள்ளங்கையில் அடங்கும் சைஸ். அதை வைத்துக்கொண்டு சிக்னலுக்குச் சிக்னல் அணைத்துச் செல்ஃப் போட்டால் மத்தியானத்துக்குள் செல்ஃப் "டிக்" என்று மட்டும் சொல்லும், கிக்கர் இல்லாத வண்டி என்றால் தள்ளு. பின்னாலிருந்து ஹாரன். அதனால்தான் அணைப்பதில்லை. சோம்பேறித்தனம் என்று நினைத்திருப்பீர்கள்.

டயர் காற்று பற்றி உங்கள் வீடியோ சொன்னது முழுக்கச் சரி. காற்று குறைந்தால் உருளும் எதிர்ப்பு கூடும், வாரம் ஒரு தடவை காலையில் டயர் சூடேறும் முன் பார்க்கவேண்டும், அளவு வண்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலேயே இருக்கிறது, பின்னால் லோடு ஏற்றுகிறவன் லோடுக்கு எழுதியிருக்கும் அளவை வைக்கவேண்டும். காய்ந்துபோன செயினும் இதே கதை.

எல்லாப் பழியையும் உங்கள் தலையில் போடவும் நான் தயாரில்லை. இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் ஆற்றல் குறைவு. பழைய இருசக்கர வண்டிகளில் இதனால் 3 முதல் 4 சதவீதம் மைலேஜ் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொல்கிறது. அது பையன் கையிலும் இல்லை, உங்கள் கையிலும் இல்லை. ஆனால் 60 கொடுக்கவேண்டிய வண்டி 45 கொடுக்கிறது என்றால் எத்தனால் தின்றது இரண்டு கிலோமீட்டர்தான், மிச்சத்துக்கு வேறு ஆள் தேடவேண்டும்.

அந்த 60 என்ற எண்ணும் எங்கிருந்து வருகிறது என்று ஒரு வார்த்தை. வண்டிக்கம்பெனி சொல்லும் மைலேஜ், சோதனைக்கூடத்தில் உருளைகள்மேல் வண்டியை நிறுத்தி, ஒரு ஆள் எடை மட்டும் வைத்து, எந்த நொடியில் என்ன வேகம் என்று முன்கூட்டியே எழுதிவைத்த அட்டவணைப்படி ஓட்டி எடுப்பது. அங்கே ஹம்ப் கிடையாது, பள்ளம் கிடையாது, குறுக்கே வரும் பிஎம்டிசி பஸ் கிடையாது, முதுகில் 15 கிலோ பை கிடையாது. வண்டியை வண்டியோடு ஒப்பிட அது நல்ல அளவுகோல். ஆனால் உங்களில் சிலர் கிலோமீட்டருக்கு இவ்வளவு பெட்ரோல் காசு என்று நிர்ணயிக்கும்போது அந்த எண்ணையே அடிப்படையாக வைத்ததாகப் பையன்கள் சொல்கிறார்கள். அதிலும் கடையிலிருந்து வாடிக்கையாளர் வீடுவரை மட்டும். திரும்பி வருகிற காலி ஓட்டத்துக்கு வண்டி காற்றிலா ஓடுகிறது?

கேட்பதைச் சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். பையன் திரையில் இறங்கும் எண்ணை எடுத்துவிடுங்கள். வாடிக்கையாளருக்குக் காட்டுவதைக் காட்டிக்கொள்ளுங்கள், ஓட்டுகிறவன் கண்ணுக்கு முன் வேண்டாம். ஹோட்டலில் நின்ற நேரம், கேட்டில் நின்ற நேரம், லிஃப்டுக்கு நின்ற நேரம் இவற்றைத் தனியாகப் பிரித்துவிட்டு, ரோட்டில் ஓடிய நேரத்தை மட்டும் அந்த நேரத்தின் நெரிசலோடு ஒப்பிட்டுப் பாருங்கள், தாமதம் யாருடையது என்று உங்களுக்கே தெரிந்துவிடும். பெட்ரோல் காசை காலி ஓட்டத்தையும் சேர்த்து, மீட்டர் காட்டும் கிலோமீட்டருக்குக் கொடுங்கள். அதற்கான மைலேஜை பிரவுசரில் தேடாமல், உங்கள் பையன்களில் சிலர் வண்டியில் டேங்க் நிரப்பி, ஒரு வாரம் ஓட்டி, மறுபடி நிரப்பி எடுங்கள். மத்தியான வெயிலிலும் வெள்ளிக்கிழமை மழையிலும் ஓடிய வாரமாக இருக்கட்டும்.

இன்னொன்று. உங்களிடம் இதைவிடப் பெரிய பொக்கிஷம் ஒன்று இருக்கிறது. எந்தப் பையன் எந்தத் தெருவில் எவ்வளவு வேகம் போனான், எங்கே சடாரென்று பிரேக் அடித்தான் என்பதை அவன் போனிலிருந்தே எடுக்க முடியும். உடனே உங்களில் யாருக்காவது இதை வைத்து "ரைடர் ஸ்கோர்" என்று ஒன்று கிளப்பி, மைலேஜ் கெடுக்கிறவனுக்கு இன்சென்டிவை வெட்டலாம் என்று யோசனை வரும். வேண்டாம். அதே தகவலைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்: எந்த டார்க் ஸ்டோரிலிருந்து (டெலிவரிக்கு மட்டுமே இயங்கும் உங்கள் கடை) கிளம்புகிறவர்கள் எல்லாரும் முரட்டுத்தனமாக ஓட்டுகிறார்கள், எந்த அப்பார்ட்மென்ட்டுக்குப் போன பிறகு அடுத்த ஆர்டரில் வேகம் கூடுகிறது என்று. அந்தக் கடைக்கு இரண்டு நிமிடம் கூட்டிக் கொடுங்கள், அந்த அப்பார்ட்மென்ட் சங்கத்திடம் லிஃப்டைப் பற்றிப் பேசுங்கள். கர்நாடகத்தில் 2025-ல் கிக் தொழிலாளர், அதாவது ஆப் மூலம் வேலை செய்கிறவர்களுக்கான சட்டம் வந்தாயிற்று. நல நிதிக்காகத் தொழிலாளிக்குத் தரும் தொகையில் 1 முதல் 5 சதவீதம் வரை கட்டவும், ஆப் எப்படிக் கண்காணித்து முடிவெடுக்கிறது என்பதை அவனிடம் வெளிப்படையாகச் சொல்லவும் அது உங்களைக் கேட்கிறது. நேரக்கணக்கிலிருந்தே அந்த வெளிப்படைத்தன்மையை ஆரம்பிக்கலாமே.

மின்சார ஸ்கூட்டர் வாடகைக்கு எடுக்கச் சொல்கிறோமே என்பீர்கள். எடுக்கிறார்கள், பெட்ரோல் செலவு போய் தினவாடகை வருகிறது. அங்கேயும் முறுக்கினால் சார்ஜ் சீக்கிரம் இறங்கி, மத்தியானம் மூன்று மணிக்கு பேட்டரி மாற்ற வரிசையில் நிற்கிறான், அப்போதும் எண் இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

உங்களில் யாராவது இதைப் படித்து, இந்த மெக்கானிக் கதை விடுகிறான் என்று நினைத்தால், ராத்திரி பதினொன்றுக்கு மேல் கடைக்கு வரலாம், எந்த நாளானாலும். கழற்றின பிரேக் ஷூக்களை ஒரு பெயின்ட் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன், எடுத்துப் பாருங்கள். வரும்போது உங்கள் ஆப்பில் அந்த நிமிடத்தை நிர்ணயிக்கிற ஆளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், அவரிடம்தான் எனக்குப் பேச வேண்டியது இருக்கிறது. பதில் எழுதுவதாக இருந்தால் கன்னடத்தில் எழுதினாலும் சரி, இங்கிலீஷில் எழுதினாலும் சரி, படித்துச் சொல்லப் பையன்கள் இருக்கிறார்கள். இன்னொரு வீடியோ மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு டூ வீலர் மெக்கானிக்,
பொம்மனஹள்ளி, பெங்களூர்